கைராசிக்காரியின் இடது கை

என் மருமகளின் இடது கையைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன். வலது கை வேலை செய்யும், பிள்ளையைத் தூக்கும், கோபம் வந்தால் பாத்திரத்தை டங்கென்று வைக்கும். அது எல்லார் வலது கையும் செய்கிறதுதான். இடது கை அப்படியில்லை. முழங்கை மடிகிற இடத்தில், உள்பக்கம், பொட்டு அளவுக்கு ஒரு கறுப்பு எப்போதும் இருக்கும். ஒன்று மங்கும்போது பக்கத்தில் இன்னொன்று வந்துவிடும். அவள் இந்த வீட்டுக்கு வந்த புதிதில் நான் அதை மச்சம் என்று நினைத்தேன். கொஞ்ச நாள் கழித்துப் பார்த்தால் மச்சம் இடம் மாறியிருக்கிறது.

"ஏம்மா, உன் மச்சத்துக்குக் கால் முளைச்சிருக்கா?" என்று கேட்டேன்.

சிரித்துவிட்டாள். அதுவரை நான் அவளிடம் முகம் கொடுத்துப் பேசியதில்லை. என் மகன் தானாகப் பார்த்துக் கூட்டிவந்தவள். எனக்குக் கொஞ்சம் வீம்பு இருந்தது. அது வேறு கதை, இங்கே வேண்டாம்.

அவளுக்குத் தலைச்சாயம் பூசுகிற வேலை. எங்கள் தெரு முடிகிற இடத்தில் பெரிய சாலை. அங்கே மருந்துக்கடைக்கும் சாவி செய்கிறவர் கடைக்கும் நடுவே ஒடுங்கலான ஒரு பார்லர். மூன்று நாற்காலி. ஒரு பக்கச் சுவர் முழுக்கக் கண்ணாடி. உள்ளே போனால் தலை அலசுகிற தொட்டி, கழுத்தை வைக்க வளைவாக வெட்டியது. அதில் சாய்ந்ததும் எல்லாருக்கும் வாய் தானாகத் திறந்துகொள்ளும், ஊர்க்கதை முழுக்க வந்துவிடும். மத்தியான வேளையில் நானும் போய் மூலையில் உட்கார்ந்துகொள்வேன். வீட்டில் சுவரைப் பார்ப்பதற்கு அங்கே கண்ணாடியைப் பார்க்கலாம் அல்லவா? சாய வாசனைதான் மூக்கைக் குத்தும். பழகிவிட்டால் அதுவும் ஒரு வாசனை.

அந்தக் கடையில் துண்டு துவைக்கிறவளாகத்தான் அவள் சேர்ந்தாள். கை நடுங்காதவள் என்று முதலாளியம்மா கண்டுபிடித்து பிரஷைக் கையில் கொடுத்தாள். பிறகு அவள்தான் சாயத்துக்கு என்று ஆகிவிட்டது. நெற்றியோரம் வாசலின் தடவி, வால் சீப்பால் வகிடு வகிடாகப் பிரித்து, வேரிலிருந்து இழுத்துக்கொண்டு போவாள். ஒரு சொட்டு காதில் படாது. பக்கத்து நாற்காலியில் முடி வெட்டிக்கொள்கிறவர்கள்கூடத் தலையைத் திருப்பி அவளைத்தான் பார்ப்பார்கள். வெட்டுகிறவள் தாடையைப் பிடித்து நேராக்கி வைப்பாள்.

எனக்கு நாலு எழுத்துக்கூட வாசிக்கத் தெரியாது. சாய டப்பாவுக்குள் மடித்து வைத்திருக்கிற காகிதத்தை ஒரு நாள் அவள்தான் எனக்கு வாசித்துக் காட்டினாள். சட்டம் அப்படிச் சொல்கிறதாம்: சாயம் செய்கிற கம்பெனிக்காரன் உள்ளே என்னென்ன போட்டான் என்று டப்பாவில் பேர் போட வேண்டும். காரமான சரக்கை இவ்வளவுக்கு மேல் போடக் கூடாது. யாருக்கு ஒத்துக்கொள்ளாமல் போகலாம் என்று எச்சரிக்க வேண்டும். பூசுகிறவர்கள், பூசிக்கொள்ளப் போகிறவரின் காதுக்குப் பின்னாலோ முழங்கை மடிப்பிலோ முதலில் ஒரு சொட்டு வைத்துவிட்டு, இரண்டு நாள் பார்க்க வேண்டும். அரித்தால், சிவந்தால், பூசவே கூடாது.

"நல்ல சட்டம்தானே?" என்றேன்.

"நல்லதுதான் அத்தை. ஆனா எவ ரெண்டு நாள் முன்னாடி வர்றா? வண்டி ஏறப் போறப்பதான் கண்ணாடியே பாக்குறாங்க."

அது உண்மை. சாயத்துக்கு வருகிறவர்கள் எல்லாருக்கும் இன்றைக்கே வேண்டும். நாளைக்கு போட்டோ, நாளைக்கு வேலைக்கு நேர்முகம், நாளைக்குப் பொண்ணு வீட்டார் வருகிறார்கள். "இப்ப ஒரு சொட்டு வைக்கிறேன், ரெண்டு நாள் கழிச்சு வாங்க" என்றால், "அதுக்குள்ள இன்னும் நாலு முடி நரைச்சிடும்" என்று எழுந்து எதிர்க்கடைக்குப் போய்விடுவார்கள். அந்தக் கடைகளில் டப்பாக் காகிதத்தை எடுத்து பிரஷ் துடைக்கிறார்கள்.

இவள் பிரஷ் துடைக்கவில்லை. தானாக ஒரு வழி கண்டுபிடித்தாள். புது டப்பா வந்ததும் முதல் சொட்டை எடுத்துத் தன் இடது கையில் வைத்துக்கொள்வாள். இரண்டு நாள் அந்த டப்பாவைத் தொட மாட்டாள், பழையதையே பூசுவாள். கையில் ஒன்றும் ஆகவில்லை என்றால் புதுசைப் பூச எடுப்பாள்.

வேலைக்கு வந்த ஆரம்பத்தில் யாரோ ஒருத்திக்குக் கழுத்தெல்லாம் தடித்துப்போய், அவள் அழுததை இவள் பார்த்திருக்கிறாள். அன்றிலிருந்து, "எதுவா இருந்தாலும் முதல்ல என் மேல வரட்டும்" என்று வைத்துக்கொண்டாள். தன் கையே தனக்கு உதவி என்று சொல்வார்கள். இவள் தன் கையை ஊருக்கு உதவி என்று நினைத்தாள். நானும் அப்படித்தான் நினைத்தேன். என் மருமகளின் கை மற்ற கைகளைப் போல இல்லை என்று எனக்குள் ஒரு பெருமைகூட இருந்தது. வெளியே சொல்வேனா? மாமியார் அல்லவா.

வாடிக்கைக்காரிகளுக்கும் அது தெரிந்துபோயிற்று. நாற்காலியில் உட்காரும்போதே, "கையைக் காட்டு" என்பார்கள். இவள் சட்டைக் கையை மேலே தள்ளிக் காட்டுவாள். பொட்டு மாதிரி கறுப்பு, சுற்றிலும் தோல் சுத்தமாக இருக்கும். "சரி, பூசு" என்று கண்ணை மூடிக்கொள்வார்கள். கைராசிக்காரி என்று பேர் வந்தது அப்படித்தான். முதலாளியம்மாகூட அப்படித்தான் கூப்பிடுவாள். அவள் பேரைச் சொல்லி யாராவது கூப்பிட்டால் அவளே ஒரு நிமிஷம் திரும்ப மாட்டாள்.

என் தலைக்கு மட்டும் அவளைத் தொட விடவில்லை. "வெளுத்ததை வெளுத்ததாவே விடு, அதுக்கு நான் பாடுபட்டிருக்கேன்" என்று சொல்லிவிட்டேன்.

எங்கள் வீட்டுக்கு எதிர்வீட்டில் ஒரு தையல்காரி. ஜன்னலோரம் மிஷினைப் போட்டுக்கொண்டு தெருவைப் பார்த்தபடியே தைப்பாள். அவளும் என் மருமகளும் உயிர்ச் சிநேகிதிகள். சிநேகிதம் என்றால் ஒருத்தியை ஒருத்தி திட்டிக்கொண்டே இருப்பது. தெருவுக்கு இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கத்துக்குச் சத்தம் போட்டே பாதி வேலையை முடித்துவிடுவார்கள்.

வெயில் சுட்டெரிக்கிற காலத்தில் ஒரு நாள், என் மருமகள் துணியை எடுத்துக்கொண்டு தையல்காரி வீட்டுக்குப் போனாள். நானும் கூடப் போனேன், பட்டன் வாங்க வேண்டியிருந்தது.

"எல்லாத்துக்கும் முழுக்கை வச்சுத் தச்சுக் குடு" என்றாள் இவள்.

தையல்காரி மூக்குக்கண்ணாடிக்கு மேலே பார்த்தாள். "இந்த வெயில்லயா? ஏண்டி, ஆபீசர் ஆகப் போறியா?"

"கடையில ஏசி போட்டுட்டாங்க. குளிருது."

கடையில் ஏசி என்று ஒன்று இருந்தது; அது காற்றைவிடச் சத்தத்தைத்தான் அதிகம் விடும். நான் வாயைத் திறக்கவில்லை. ஆனால் கண்ணை மூடிக்கொள்ளவும் இல்லை. சில நாள் கழித்து அவள் பாத்திரம் தேய்க்கும்போது சட்டைக் கையைச் சுருட்டிவிட்டிருந்தாள். இடது முழங்கை மடிப்பில் கறுப்பைச் சுற்றிச் சிவப்பாகத் தடித்து, சின்னச் சின்னக் கொப்புளம்.

"என்னம்மா அது?"

"சோப்பு ஒத்துக்கல அத்தை."

"சோப்புக்கு இடது கை மட்டும்தான் ஆகாதா?"

தண்ணீரைத் திறந்துவிட்டாள். தண்ணீர்ச் சத்தத்தில் என் கேள்வி போய்விட்டது.

பிறகு அவளே சொன்னதை வைத்துச் சொல்கிறேன். முதலில் லேசாக அரித்ததாம். தோலுக்கு வயதாகிறது என்று விட்டுவிட்டாள். அடுத்த டப்பாவுக்கும் அரித்தது. கொஞ்சம் தள்ளி வைத்துப் பார்த்தாள். அங்கேயும் அரித்தது. டப்பா டப்பாவாக அரித்தால் எத்தனை டப்பாவைத் திருப்பி அனுப்புவது? யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, பூசிக்கொண்டவர்கள் சிரித்துக்கொண்டுதான் போனார்கள். ஆக, கெட்டுப்போனது சாயமில்லை, தன் கைதான் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. ஆனால் கை கெட்டுவிட்டது என்று யாரிடம் சொல்வது? அந்தக் கையைப் பார்த்துத்தானே எல்லாரும் கண்ணை மூடுகிறார்கள். முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டாள். "கையைக் காட்டு" என்றால், "அதெல்லாம் பாத்தாச்சு, சாயுங்க" என்று சொல்லப் பழகிக்கொண்டாள்.

அப்படியிருக்கும்போதுதான் தையல்காரியின் மகள் தூர ஊரில் பிள்ளை பெற்றாள். தையல்காரிக்கு நிலைகொள்ளவில்லை. பிள்ளைக்குத் தைத்த சின்னச் சட்டைகளையெல்லாம் கொடியில் மாட்டித் தெருவுக்கே காட்டினாள். அதுவரை தலைக்குச் சாயமே தொடாதவள், கிளம்புவதற்கு முன் பார்லருக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். நான் என் மூலையில் இருந்தேன்.

"பேரன் என்னைப் பாட்டின்னு கூப்பிடட்டும்" என்றாள். "ஆனா அரை மைல் தூரத்துல பாத்தே கூப்பிடக் கூடாது."

கடையே சிரித்தது. என் மருமகள் சாயம் கலக்கிக்கொண்டிருந்தாள். அன்றைக்கு எடுத்தது புது டப்பா.

தையல்காரி கண்ணாடி வழியாகவே அவளைப் பார்த்துக் கேட்டாள்: "உன் கை என்னடி சொல்லுது?"

"ஒண்ணும் சொல்லல."

"அப்போ பூசு" என்று தையல்காரி கண்ணை மூடிக்கொண்டாள்.

மறுநாள் தையல்காரிக்குத் தலை அரித்தது. அதற்கு அடுத்த நாள் காலையில் எதிர்வீட்டு ஜன்னல் திறக்கவில்லை. என் மகன் போய்க் கதவைத் தட்டினான். கதவைத் திறந்தவளை அவனுக்கு அடையாளம் தெரியவில்லை. நெற்றி தொங்கி, கண் இரண்டும் கோடாகி, காது தடித்து, முகமே வேறு யாருடையதோ போல இருந்தது. சுவரைத் தடவிக்கொண்டு வந்து திறந்திருக்கிறாள். அவனுடைய வேனிலேயே தூக்கி உட்கார வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். வழியெல்லாம் என் மருமகள் அவள் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். தன் இடது கையால் அல்ல.

உயிருக்கு ஆபத்தில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். மூச்சுக்குழல் வீங்காதது புண்ணியம். ஆனால் பயணம் போயிற்று. டிக்கெட் வீணானதைப் பற்றி அவள் ஒன்றும் சொல்லவில்லை. கொடியில் மாட்டியிருந்த சின்னச் சட்டைகளை எடுத்து வைக்கச் சொன்னாள், வெயிலில் வெளுத்துவிடும் என்று. அவ்வளவுதான்.

ஒரு சாயத்தால் இப்படி ஆனால் டாக்டர் அதைச் சொல்ல வேண்டிய இடத்தில் சொல்லியாக வேண்டும், அதற்கென்று ஓர் அலுவலகம் இருக்கிறது என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். அங்கிருந்து பார்லருக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். டப்பாவை எடுத்துக்கொண்டு முதலாளியும் பூசியவளும் வர வேண்டும், பாதிக்கப்பட்டவரும் நடமாட முடிந்ததும் வர வேண்டும் என்று.

சாயங்காலம் முதலாளியம்மா எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டாள். கெட்டவள் இல்லை. பயந்திருந்தாள்.

"இங்க பாரு கைராசி. அங்க ஒரே கேள்விதான் கேப்பாங்க, போட்டுப் பாத்தீங்களான்னு. பாத்தோம்னு சொல்லு. யார் கையிலன்னு எவன் கேக்கப் போறான்? நீ பொய்யும் சொன்ன மாதிரி இருக்காது. அவங்களும் சரி, இது சாயத்தோட கோளாறுன்னு கம்பெனிக்காரனைப் பாத்துப்பாங்க. கடைக்குப் பேர் கெட்டுச்சுன்னா உன் ஒருத்தி வேலை மட்டுமா? நாற்காலிக்கு ஒருத்தி நிக்கிறாங்களே, அவங்க கதி?"

அவள் போனபிறகுதான் என் மருமகள் சட்டைக் கையைச் சுருட்டி எங்களுக்குக் காட்டினாள். அந்தப் புது டப்பாவின் சொட்டு வைத்த இடம் அப்போதும் ஆறாமல் நீர் வடிந்துகொண்டிருந்தது.

"அவளுக்குப் பூசின அன்னைக்குக் காலையிலயே இப்படித்தான் இருந்துச்சு" என்றாள். "அவ கேட்டா. கை ஒண்ணும் சொல்லலன்னேன்."

என் மகன் நெற்றியைத் தேய்த்துக்கொண்டான். "இதை யார்கிட்டயும் சொல்லாத. உன்னைப் பிரஷையே தொட விடமாட்டாங்க. உனக்கு வேற என்ன வேலை தெரியும்?"

"அத்தை, நீங்க என்ன சொல்றீங்க?"

"சொன்னா வேலை போகும். சொல்லலைன்னா தூக்கம் போகும்" என்றேன். "எது இல்லாம இருக்க முடியும்னு நீயே பாத்துக்கோ. ஆனா நானும் வருவேன்."

"நீ எதுக்கும்மா?" என்றான் என் மகன்.

"நான் எதுக்குன்னு எனக்குத் தெரியும்" என்றேன். உண்மையில் தெரியாது. போக வேண்டும் என்று தோன்றியது, போனேன்.

அலுவலகம் என்றால் பெரிய கட்டடத்தில் ஒரு சின்ன அறை. அலமாரி நிறைய முகப்பவுடர், உதட்டுச்சாயம், கிரீம் என்று பிரித்ததும் பிரிக்காததுமாக அடுக்கியிருந்தது. கடை மாதிரி இருந்தது, ஆனால் வாங்க ஆளில்லாத கடை. அதிகாரி நடுவயதுக்காரர், மெதுவாகப் பேசுகிறவர். என்னைப் பார்த்து, "சம்பந்தப்பட்டவங்க மட்டும் இருந்தாப் போதும்மா" என்றார்.

"சம்பந்தி இல்லீங்க, மாமியார். அதைவிடச் சம்பந்தம் வேணுமா?" என்று நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். அவர் என் மருமகளைப் பார்த்தார். அவள் தலையை ஆட்டினாள். விட்டுவிட்டார்.

தையல்காரி எதிரே உட்கார்ந்திருந்தாள். வீக்கம் வடிந்திருந்தது. நெற்றியிலும் காதோரத்திலும் தோல் உரிந்து புதுத் தோல் வந்துகொண்டிருந்தது. பாதித் தலை கறுப்பு, வேர் எல்லாம் வெள்ளை. எங்களைப் பார்த்துச் சிரிக்கத்தான் செய்தாள். அதிகாரி பேசத் தொடங்குமுன் அவரிடம், "சார், இவ மேல எந்தத் தப்பும் இல்ல. பாத்துத்தான் பூசினா" என்றாள். அவளாகவே சொன்னாள். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

அதிகாரி டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கம்பெனிக்காரன் சட்டப்படி எழுத வேண்டியதையெல்லாம் எழுதியிருக்கிறான், பரிசோதனைச்சாலைக்கும் அனுப்பியாயிற்று, அளவு மீறவில்லை என்றார். பிறகு தையல்காரியிடம் கேட்டார்: "இதுக்கு முன்னாடி கையிலயோ கால்லயோ கறுப்பு மையில படம் வரைஞ்சுக்கிட்டீங்களா? கொஞ்ச நாள்ல அழிஞ்சுபோற மாதிரி?"

தையல்காரி யோசித்தாள். "பொருட்காட்சிக்குப் போனப்ப ஒருத்தி புறங்கையில கொடி வரைஞ்சு விட்டா. ரொம்ப வருஷம் ஆச்சு. கொடி அழிஞ்சப்புறமும் அரிச்சுக்கிட்டே இருந்துச்சு."

"அதுவும் இந்தச் சாயச் சரக்குதான். பல தடவை தோல் மேல போட அனுமதி இல்லாத அளவுல கலப்பாங்க. உங்க உடம்பு அப்பவே இதை எதிரின்னு குறிச்சு வச்சுக்கிச்சு. இந்தக் கேள்வி டப்பாக் காகிதத்துலயே இருக்கு." பிறகு என் மருமகளிடம் திரும்பினார். "இவங்ககிட்ட இதைக் கேட்டீங்களா?"

"இல்ல சார்."

"தோல்ல போட்டுப் பாத்தீங்களா?"

முதலாளியம்மா மூச்சைப் பிடித்துக்கொண்டாள். எனக்குக் கேட்டது.

"பாத்தேன்."

அதிகாரி எழுதிக்கொண்டார். முதலாளியம்மா மூச்சை விட்டாள். அங்கேயே முடிந்திருக்கும். அவர் அடுத்த கேள்விக்கு வாயைத் திறந்தார்.

"என் கையில பாத்தேன் சார்" என்றாள் என் மருமகள். "இவ கையில இல்ல. எப்பவுமே என் கையிலதான். அன்னைக்கு என் கை சிவந்து கொப்புளிச்சிருந்துச்சு. இவ கேட்டா. ஒண்ணும் இல்லைன்னு சொல்லிட்டுப் பூசினேன்."

சொல்லிவிட்டு இடது கைச் சட்டையை மேலே சுருட்டினாள். முழுக்கை அல்லவா, மடிப்பு மடிப்பாகச் சுருட்ட வேண்டியிருந்தது. தையல்காரி கையைப் பார்க்கவில்லை. தான் தைத்த அந்தச் சட்டைக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இதுக்குத்தானா?" என்று மட்டும் கேட்டாள்.

அதிகாரி திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். இருவரும் தோல் ஆஸ்பத்திரிக்குப் போய் முதுகில் சாயச் சரக்கை ஒட்டிப் பார்க்க வேண்டும் என்று எழுதிக்கொடுத்தார். அது முடிகிறவரை இவள் சாயத்தைத் தொடக் கூடாது. கடைக்கு அபராதமும் எச்சரிக்கையும் தனியாக வரும்.

பிறகு எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது, மிஷினும் ஓடியது. ஆனால் தெருவைத் தாண்டி ஒரு சத்தமும் வரவில்லை. தையல்காரி மிஷினைத் திருப்பிப் போட்டுக்கொண்டாள். முதுகுதான் தெரிந்தது. என் மருமகள் காலையில் வாசலுக்கு வருவாள், அந்த முதுகைப் பார்ப்பாள், உள்ளே போய்விடுவாள். அவளுக்குச் சாய வேலை நின்றதைவிட அதுதான் பெரிய தண்டனை. சாப்பாடு இறங்கவில்லை. நான் திட்டித் திட்டி ஊட்டாத குறையாகப் பார்த்துக்கொண்டேன்.

தோல் முழுக்க ஆறியபிறகுதான் ஒட்டிப் பார்க்க முடியுமாம். சில வாரங்கள் கழித்து இரண்டு பேரையும் ஒரே நாளில் வரச் சொன்னார்கள். முதுகில் சின்னச் சின்ன வட்டமாக ஒவ்வொரு சரக்கையும் வைத்து பிளாஸ்திரி போட்டு அனுப்பினார்கள். இரண்டு நாள் தண்ணீர் படக் கூடாது, சாயக் கூடாது, சொறியக் கூடாது. பிறகு பிரித்துப் பார்க்க வரவேண்டும். அன்றைக்கும் நான் போனேன். நீளப் பெஞ்சில் ஒரு ஓரத்தில் தையல்காரி, மறு ஓரத்தில் என் மருமகள், நடுவில் நான். இரண்டு பேரும் சுவரில் சாயாமல் கம்பு மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்கள். எனக்கு முதுகு ஒழுங்காக இருந்தும் சாய மனசு வரவில்லை.

ஒரே விவகாரம் என்பதால் டாக்டரம்மா இரண்டு பேரையும் சேர்த்தே கூப்பிட்டாள். திரைக்குப் பின்னால் பிளாஸ்திரியை உரித்தாள். இரண்டு முதுகையும் நான் பார்த்தேன். ஒருத்தி முதுகு மாநிறம், இன்னொருத்தி கறுப்பு. மற்ற வட்டங்கள் எல்லாம் சும்மா இருந்தன. இரண்டு பேருக்கும் ஒரே வட்டத்தில், ஒரே இடத்தில், சிவந்து எழும்பியிருந்தது.

"ரெண்டு பேருக்கும் இந்தச் சாயச் சரக்கு ஆகாது. இனிமே ஆயுசுக்கும் ஆகாது" என்றாள் டாக்டரம்மா.

என் மருமகளுக்குக் கண் நிறைந்துவிட்டது. "என் கை அன்னைக்கே சொல்லிச்சு டாக்டர். நான்தான் மறைச்சேன். நான் சொல்லியிருந்தா இவளுக்கு இப்படி ஆகியிருக்காது."

டாக்டரம்மா பேனாவை வைத்துவிட்டு அவளைப் பார்த்தாள். "நீங்க பொய் சொன்னது தப்புதான். அதை நான் சரின்னு சொல்லல. ஆனா ஒண்ணு தெரிஞ்சுக்கங்க. உங்க கை அன்னைக்குச் சுத்தமா இருந்திருந்தாலும் இவங்க முகம் வீங்கித்தான் இருக்கும்."

"அதெப்படி?"

"உங்க கை சாயம் நல்லதா கெட்டதான்னு சொல்லல. உங்களுக்கு ஆகுமா ஆகாதான்னு மட்டும்தான் சொல்லுச்சு. ஒருத்தர் தோல் இன்னொருத்தருக்குச் சாட்சி சொல்லாதும்மா. அதனாலதான் சட்டம் அவங்கவங்க தோல்ல பாக்கச் சொல்லுது. நீங்க திரும்பத் திரும்பச் சொட்டு வச்சுக்கிட்டதுல உங்க உடம்பும் கொஞ்சம் கொஞ்சமா இதை எதிரியாக்கிக்கிச்சு."

என் மருமகள் மெதுவாகக் கேட்டாள். அவள் குரலை அப்படி நான் கேட்டதே இல்லை.

"அப்போ இத்தனை வருஷமா நான் பாத்தது?"

"உங்களைத்தான் பாத்துக்கிட்டீங்க."

பொய்யை ஒப்புக்கொண்டபோதுகூட அவள் இப்படி உடையவில்லை. இத்தனை பேருக்காகத் தன் தோலைக் கொடுத்தோம் என்று நினைத்திருந்தாள். ஒருத்தியைக்கூட அந்தத் தோல் காப்பாற்றவில்லை. கண்ணை மூடிக்கொண்டு சாய்ந்தவர்களெல்லாம் அவரவர் அதிர்ஷ்டத்தில் எழுந்துபோயிருக்கிறார்கள். எனக்கும் அந்தக் கையைப் பற்றி ஒரு பெருமை இருந்தது என்று சொன்னேனே, அதுவும் அந்த அறையில்தான் போயிற்று.

வெளியே வந்து மறுபடி பெஞ்சில் உட்கார்ந்தோம். மருந்துச்சீட்டுக்குக் காத்திருக்க வேண்டும். இந்தத் தடவை நான் நடுவில் உட்காரவில்லை. நின்றுகொண்டேன்.

கொஞ்ச நேரம் கழித்து, தலையைத் திருப்பாமலே தையல்காரி சொன்னாள்: "நான் உன் கையைக் கேட்டிருக்கக் கூடாது. என் தலைக்கு உன் கையைக் கேட்டேன் பாரு."

"நான் பொய் சொன்னேன்."

"சொன்னதான். அதை நான் மறக்க மாட்டேன். ரொம்ப நாளைக்குத் திட்டுவேன்."

"திட்டு."

"முதுகு அரிக்குதுடி."

"எனக்கும்தான். சொறியக் கூடாதாம்."

இரண்டு பேரும் முன்னே பார்த்துக்கொண்டே இருந்தார்கள். ஆனால் அந்த நீளப் பெஞ்சில் நடுவில் இருந்த இடம் கொஞ்சம் குறைந்திருந்தது.

முதலாளியம்மா அவளை வெளியே அனுப்பவில்லை. அனுப்பத்தான் நினைத்தாள். ஆனால் அபராதத்தோடு வந்த உத்தரவில், சாயத்துக்கு வருகிற ஒவ்வொருவரிடமும் முன்கூட்டிக் கேட்க வேண்டியதைக் கேட்டு, அவரவர் தோலில் சொட்டு வைத்து, இரண்டு நாள் கழித்துப் பார்க்க ஓர் ஆள் வேண்டும் என்று இருந்தது. அந்த வேலையை இவள் அளவுக்கு மனசு வைத்துச் செய்ய வேறு யார் இருக்கிறார்கள்? சொட்டை வேறொருத்தி கையுறை போட்டு வைக்கிறாள். கேட்பதும் பார்ப்பதும் இவள். சாயக் கிண்ணத்தின் பக்கமே போவதில்லை. முடி வெட்டக் கற்றுக்கொண்டிருக்கிறாள். இந்த வயதில் கத்தரி பிடிக்கக் கஷ்டமாகத்தான் இருக்கிறது. வாடிக்கையில் பாதிப்பேர் எதிர்க்கடைக்குப் போய்விட்டார்கள். மீதிப்பேர் முணுமுணுத்துக்கொண்டே வருகிறார்கள்.

போன வாரம்கூட ஒரு பழைய வாடிக்கைக்காரி வந்து, "ரெண்டு நாளெல்லாம் எனக்கு முடியாது. உன் கையைக் காட்டு, எனக்கு அது போதும்" என்று பிடிவாதம் பிடித்தாள்.

"என் கைக்கு உங்களைத் தெரியாதுக்கா" என்றாள் என் மருமகள். "உங்க கையைக் குடுங்க."

அந்தம்மா முறைத்துக்கொண்டே சட்டைக் கையைச் சுருட்டினாள்.

அதைச் சொல்ல வந்ததில் முழுக்கைச் சட்டைக் கதையை விட்டுவிட்டேனே. ஆஸ்பத்திரியிலிருந்து வந்து சில நாள் கழித்து, எதிர்வீட்டு மிஷின் பழையபடி தெருவைப் பார்த்துத் திரும்பியிருந்தது. அன்றைக்குத் தையல்காரி தெருவுக்கே கேட்கிற மாதிரிக் கத்தினாள்: "ஏய், அந்த முழுக்கைச் சட்டையெல்லாம் எடுத்துட்டு வாடி!"

இவள் எடுத்துக்கொண்டு போனாள். நானும் போனேன். பட்டன் எல்லாம் வேண்டியிருக்கவில்லை, சும்மாதான். தையல்காரியின் தலைமுடி ஒட்ட வெட்டி, முழுக்க வெள்ளையாக இருந்தது. பேரனைப் பார்க்க அப்படியே போகப் போகிறாளாம். எல்லாச் சட்டைகளையும் மேசையில் விரித்தாள். இவளை நிற்க வைத்து, இடது கையை நீட்டச் சொன்னாள். முழங்கைக்கு மேலே சாக்பீஸால் கோடு போட்டாள். ஆறிப்போன தழும்பு கோட்டுக்குக் கீழே, எல்லாரும் பார்க்கிற மாதிரி இருந்தது.

"இதுக்கு மேல மறைக்க இங்க துணி கிடையாது" என்று சொல்லிவிட்டு, கத்தரியை எடுத்து முதல் சட்டைக் கையை வெட்டினாள்.